மாவுக்கலவை ஒரு நாள் இறுகுகிறது, இன்னொரு நாள் இறுகவில்லை. ஏன்?

கேள்வி

திட்டப்பணிக்காகச் சோள ஸ்டார்ச்சைத் தண்ணீரில் கலந்து ரியோமீட்டரில் (பாகுநிலை, அதாவது ஓட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பை, அளக்கும் கருவி) அளக்கிறேன். எடையில் 55% மாவு. கலவை இரண்டு இணைத் தட்டுகளுக்கு நடுவில், இடைவெளி 1 மி.மீ. தட்டின் சுழற்சி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் திங்கட்கிழமை பாகுநிலை சட்டென்று பல மடங்கு ஏறியது. வியாழக்கிழமை அதே மாவு, அதே அளவு. கொஞ்சம் ஏறியதோடு சரி. ஏறிய அன்றும் ஒரு தொல்லை: ஒரு கட்டத்துக்கு மேல் அளவீடு தாறுமாறாகக் குதித்து, அப்புறம் விழுந்துவிட்டது. சிலிக்கோன் எண்ணெய் வைத்துப் பார்த்தால் கருவி சரியாகத்தான் காட்டுகிறது.

மறுமொழி 1

மாவு டப்பாவை எப்படி மூடி வைத்திருக்கிறீர்கள்? ஸ்டார்ச் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். காய்ந்ததுபோல் தெரியும் மாவிலேயே பத்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் இருக்கும். இந்தச் செறிவில் உலர் மாவின் பங்கு ஒன்றிரண்டு சதவீதம் குறைந்தாலே திடீர் ஏற்றம் போய், மிதமான ஏற்றம்தான் மிஞ்சும். தட்டில் வைத்தபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்?

கேட்டவர்

மூடி சரியாகப் பொருந்தாது. கலவை அமைதியாகட்டும் என்று 20 நிமிடம் விடுகிறேன்.

மறுமொழி 1

அமைதியாகவில்லை, அடியில் படிந்துவிட்டது! ஸ்டார்ச்சின் அடர்த்தி தண்ணீரைப் போல் ஏறக்குறைய 1.6 மடங்கு. கலக்கிய உடனே அளந்துவிடுங்கள். நீண்ட நேரம் அளக்க வேண்டுமென்றால் தண்ணீரில் சீசியம் குளோரைடு கரைத்து அடர்த்தியைச் சமன் செய்வார்கள்.

மறுமொழி 2

அந்தக் குதிப்பு பற்றி. இறுக்கத்தைத் தொடங்கி வைப்பது வேகம் அல்ல, தகைவு (ஓரலகு பரப்பின்மேல் செயல்படும் விசை). தகைவு குறைவாக இருக்கும்வரை துகள்கள் ஒன்றையொன்று விலக்கி நிற்கும். நடுவிலுள்ள நீர்ப்படலத்தில் வழுக்கிப் போகும். ஒரு வரம்பைத் தாண்டியதும் அந்த விலக்கம் தோற்று, துகளும் துகளும் நேரடியாக உரசுகின்றன. உராய்வில்லாத கோளங்கள் பருமனில் சுமார் 64% வரை நெருங்கிய பின்தான் சிக்கிக்கொள்ளும். உராய்வு வந்தால் அதைவிடக் குறைந்த நெருக்கத்திலேயே சிக்கும். உங்கள் கலவை அந்தக் குறைந்த நெருக்கத்துக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் இவ்வளவு முரண்டு. வேகத்தைக் கட்டுப்படுத்தும்போது கருவி ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். தகைவைக் கட்டுப்படுத்தி, 1 பாஸ்கலிலிருந்து மெல்ல ஏற்றிப் பாருங்கள்.

கடைசியில் விழுகிறதே, அப்போது தட்டின் ஓரத்தைக் கவனியுங்கள். பளபளப்பு போய் மங்கினால், துகள்கள் விரிந்து நீர்ப்பரப்பை முட்டுகின்றன என்று பொருள். ரெய்னால்ட்ஸ் 1885-இல் மணலில் விளக்கிய அதே விரிவுதான். அவற்றை உள்ளே பிடித்து வைப்பது பரப்பு இழுவிசை. அது தாங்காதபோது ஓரம் உடைந்து கலவை வெளியே வரும். அதற்குப் பிறகு வரும் எண்களைத் தூக்கிப் போடுங்கள்.

மறுமொழி 3

துகள்கள் நீரோட்டத்தால் கொத்துக்கொத்தாகச் சேர்வதே காரணம் என்று படித்திருக்கிறேனே?

மறுமொழி 2

நெடுங்காலம் அப்படித்தான் சொன்னார்கள். அது மட்டும் என்றால் ஏற்றம் மிதமாகவே இருக்கும். சோதிக்க எளிய வழி உண்டு: சுழற்சியைச் சட்டென்று எதிர்த்திசையில் திருப்புங்கள். நேரடித் தொடுகைகள் உடனே விட்டுப்போகும், தகைவு சரியும், புதுத் தொடுகைகள் உருவானதும் மறுபடி ஏறும். நீர்ப்படலம் தரும் பங்கு அப்படி உடனே மறையாது.

கேட்டவர்

மாவைக் காயவைத்து எடை பார்த்தேன். புதுப் பொட்டலத்தில் ஈரம் 11%, பழைய டப்பாவில் 14%. அதாவது உலர் எடையில் 49, 47. நான் இரண்டையும் 55 என்றே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்! தகைவுக் கட்டுப்பாட்டில் மூன்று முறையும் ஒரே இடத்தில் ஏறுகிறது. ஓரம் மங்குவதும் தெரிந்தது. திசை திருப்பும் சோதனை நாளைக்கு.