ஃபிக்ஸப்: தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

அறிபுனை (அறிவியல் புனைகதை), மிகுபுனைவு (ஃபேன்டஸி), திகில் ஆகியவற்றுக்கான கலைக்களஞ்சியங்களில் புழங்கும் விமர்சனச் சொற்களுக்குத் தமிழில் ஒரு பட்டியல் போட்டுவருகிறேன். பாதிக்கு மேல் தொல்லையில்லை. ஒரு சொல்லில் மட்டும் மூன்று வாரமாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: ஃபிக்ஸப்.

ஏ. இ. வான் வோக்ட் என்ற எழுத்தாளர் பேச்சுவாக்கில் பயன்படுத்திய சொல் இது. பீட்டர் நிக்கல்ஸ் 1979இல் பதிப்பித்த அறிபுனைக் கலைக்களஞ்சியம் அதை விமர்சனச் சொல்லாக எடுத்துக்கொண்டது. ஜான் க்ளூட்டும் அவரும் சேர்ந்து கொண்டுவந்த 1993 பதிப்பிலும், 2011 முதல் இணையத்தில் இருக்கும் பதிப்புகளிலும் நூற்பட்டியலுக்குள் இந்த ஒற்றைச் சொல்லைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆகவே தமிழ்ச்சொல்லும் குட்டையாக இருக்க வேண்டும். விளக்கவுரை எழுதிச் சமாளிக்க முடியாது.

பொருள் இதுதான். இதழ்களில் தனித்தனியாக வெளிவந்த கதைகளைப் பிற்பாடு திருத்தி, இடையிடையே புதிதாக எழுதிச் சேர்த்து, ஒரே நாவலாக்கி வெளியிடுவது. அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' (1951) நல்ல உதாரணம். அதன் ஐந்து பகுதிகளில் நான்கு 1942 முதல் 1944 வரை 'அஸ்டவுண்டிங்' இதழில் வந்த கதைகள். முதல் பகுதி மட்டும் புத்தகத்துக்கென்றே எழுதியது. சிமாக்கின் 'சிட்டி' (1952) இன்னும் அழகு. மனிதன் என்றொரு பிராணி உண்மையிலேயே இருந்ததா என்று சண்டைபோடும் நாய் அறிஞர்களின் குறிப்புகளை ஒவ்வொரு கதைக்கும் முன்னால் வைத்து இணைத்திருக்கிறார்.

இப்படிச் செய்ய வேண்டி வந்ததற்குக் காரணம் காசுதான். 1930களிலும் 40களிலும் அமெரிக்க அறிபுனை மலிவு இதழ்களை நம்பியே பிழைத்தது. போர் முடிந்தபின் க்னோம் பிரஸ் போன்ற சிறு பதிப்பகங்களும், பின்னாலேயே பெரிய பதிப்பகங்களும் கெட்டி அட்டைப் புத்தகம் போட முன்வந்தார்கள். அவர்கள் கேட்டது நாவல். எழுத்தாளர்களிடம் இருந்ததோ பழைய இதழ்க்கட்டு.

என் கையில் இருப்பவை: தொகுப்பு நாவல், கதைக்கோவை, ஒட்டுநாவல். மூன்றும் மனசுக்கு ஒட்டவில்லை.

அன்புடன்,
ம.

*

தம்பி ம.வுக்கு,

புதுச்சொல் தேடுமுன் பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். தண்டியலங்காரம் செய்யுளை நான்காகப் பிரிக்கிறது: முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை. 'முத்தகச் செய்யுள் தனிநின்று முடியும்'. 'குளகம் பலபாட்டு ஒருவினை கொள்ளும்'. பல பாட்டு சேர்ந்து ஒரே வினைமுற்றில் போய் முடிவது குளகம். பல கதை சேர்ந்து ஒரே நாவலாக முடிகிறது என்றால் குளகநாவல் என்பதில் என்ன குறை?

கோவை வேண்டாம். அகத்துறைகளை வரிசையாகக் கோத்து நானூறு பாட்டுப் பாடுகிற புலவர், முதல் பாட்டை எடுக்கும்போதே கோவை பாடத்தான் உட்காருகிறார். நீங்கள் சொல்கிற ஆட்கள் அப்படி உட்காரவில்லை.

கு.

*

ஐயா, குளகம் என்றால் குளத்தில் வளர்கிற ஏதோ செடி என்கிறாள் என் மகள். அவள் தமிழ் இலக்கியம் படிப்பவள்.

இன்னொன்றும் இடிக்கிறது. குளகத்தில் வினைமுற்று கடைசிப் பாட்டில்தான் வரும். முன்பாட்டுகள் தனியே நிற்காது. இங்கே ஒவ்வொரு கதையும் இதழில் தனியே நின்று முடிந்து, சன்மானமும் வாங்கிவிட்டது. நீங்கள் காட்டிய நூற்பாவின்படியே அவை முத்தகங்கள்.

ம., எதை வைத்தாலும் 'தொடர்நாவல்' பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். நம் வாசகர்களுக்கு அது வார இதழ்த் தொடர்கதை. ஒரு நாவலை வாராவாரம் நறுக்கிப் போடுவது தொடர்கதை. நறுக்குகளிலிருந்து நாவல் செய்வது இது. நேர் எதிர்த்திசை.

என்னைக் கேட்டால் ஃபிக்ஸப் என்றே எழுதிவிட்டுப் போகலாம்.

இ.

*

வணக்கம். நான் வழக்கமாக வாசிப்பதோடு சரி. இன்று வாய் சும்மா இருக்கவில்லை.

எங்கள் அப்பா நாகர்கோவிலில் தையல்கடை வைத்திருந்தார். புதுச் சாரம் வாங்குகிறவர்கள் நேரே கடைக்கு வந்து, 'இதைக் கொஞ்சம் மூட்டித் தாங்க' என்பார்கள். நீங்கள் கைலி என்பீர்கள், லுங்கி என்பீர்கள், அங்கேயும் மூட்டுவதுதான். சட்டையிலும் தோளை மூட்டுவது, பக்கம் மூட்டுவது உண்டு. தனித்தனியாக வெட்டிய துண்டுகள் மூட்டியபின்தான் சட்டை. வெளியே பார்த்தால் ஒரே உடுப்பு, புரட்டிப் பார்த்தால் தையல் தெரியும்.

மூட்டுநாவல் என்று சொன்னால் என்ன?

ஒட்டு வேண்டாம். கிழிசலுக்குப் போடுவதுதான் ஒட்டு. ஒட்டுப்போட்டது என்றாலே ஒரு மாற்றுக் குறைவு. மூட்டுவது முழுத்துணியை.

ச.

*

ச. அக்காவுக்கு நன்றி. உடனே பழைய நூல்களில் வைத்துப் பார்த்தேன்.

வான் வோக்ட் 1950இல் 'த வாயேஜ் ஆஃப் த ஸ்பேஸ் பீகிள்' வெளியிட்டார். அதன் தொடக்கம் 1939 ஜூலை அஸ்டவுண்டிங்கில் வந்த 'பிளாக் டெஸ்ட்ராயர்' கதை. ஆனால் நாவலின் நாயகன் குரோவ்னர் அந்த இதழ்க்கதையில் கிடையாது. துண்டுகளை இணைக்கும்போதுதான் அவரை உள்ளே கொண்டுவந்து, கப்பல் முழுக்க நடமாட விட்டிருக்கிறார். அக்கா சொன்ன தையலில் ஓடும் நூல் அவர்தான்.

வால்டர் மில்லரின் 'எ காண்டிகிள் ஃபார் லீபோவிட்ஸ்' வேறு மாதிரி. 1955 முதல் 1957 வரை வந்த மூன்று நெடுங்கதைகளை அவர் நன்றாகவே திருத்தியெழுதினார். 1961இல் நாவலுக்கான ஹியூகோ விருது அதற்குக் கிடைத்தது. வாசிப்பவருக்குத் தையல் சட்டென்று தட்டுப்படாது. கலைக்களஞ்சியம் சொன்னால்தான் புரட்டிப் பார்க்கத் தோன்றும். இந்தக் குறிப்பு வசையில்லை, செய்முறைத் தகவல் என்பதற்கு மில்லரே சாட்சி. அதனால்தான் ஒட்டைக் கைவிடுகிறேன்.

இன்னொரு வசதி: வினைச்சொல்லும் கிடைத்துவிட்டது. 'நான்கு கதைகளை மூட்டி வெளியிட்டார்' என்று எழுதலாம். சிமாக்கின் நாய்க் குறிப்புகள் போன்ற இணைப்புப் பகுதிகளை 'மூட்டுரை' எனலாமா?

ம.

*

மூட்டுநாவல் என்றதும் எனக்கு முழங்கால்தான் ஞாபகம் வருகிறது. தைலம் கொடுத்தே விற்க வேண்டியிருக்கும்.

இ.

*

வலி இருக்கத்தான் செய்கிறது. அந்த வகையில் சில நூல்களை வாசித்தவர்களுக்குத் தெரியும், மடக்கி நீட்டினால் சத்தம் கேட்கும்.

ம.

*

தம்பி,

குளகம் போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் இ. சொன்ன நியாயம் சரி. முத்தகத்தைக் குளகம் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. 'மூட்டு' தொழிலில் புழங்கும் சொல், சங்கடமில்லாமல் புணர்கிறது. எனக்குச் சம்மதம். மூட்டுரையும் இருக்கட்டும்.

ஒரு கேள்வி மட்டும். பிராட்பரியின் செவ்வாய்க் கிரகக் கதைகள் 1950இல் புத்தகமானபோது இடையிடையே குறும்பகுதிகள் எழுதிச் சேர்த்தாரே, அதை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்? மூட்டுரை இருக்கிறது. ஆனால் கதைகள் இன்னும் கதைகளாகவே நிற்கின்றன.

கு.

*

ஐயா, அதை இப்போதைக்குத் 'தொடர்புக் கதைத்தொகுப்பு' என்ற பதிவின் கீழ் வைத்து, மூட்டுநாவலுக்கு ஒரு 'காண்க' போட்டிருக்கிறேன். தையல் போட்டிருக்கிறார், இறுக்கவில்லை. பதிவு இப்படிப் போகிறது:

மூட்டுநாவல் (பெ.): முன்பு தனித்தனியே வெளியான கதைகளைத் திருத்தி, மூட்டுரை சேர்த்து, ஒரே நாவலாக்கிய நூல். மூட்டு (வி.): அவ்வாறு ஆக்கு.

புதினம் என்று மாற்றச் சொல்லி யாரும் எழுத வேண்டாம். மூட்டுப்புதினம் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், நாக்கு ஒத்துழைக்கவில்லை.

ம.