ஹில்குரோவில் மாமா காட்டிய இரண்டு தண்டுகள்

நீலகிரி மலை ரயிலில் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் இரண்டு தடவையும் காட்டையும் அருவியையும்தான் பார்த்தேன். மூன்றாம் தடவை, திருச்சி பொன்மலை ரயில் பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமா கூட வந்தார். அந்தப் பயணத்தைத்தான் சொல்ல வேண்டும்.

கல்லாறு தாண்டியதும் வேகம் குறைந்து, அடியில் ஒரு சின்ன உலுக்கல். "பல்லு சேர்ந்துடுச்சு" என்றார். தண்டவாளத்துக்கு நடுவில் பல் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகள் ஓடுகின்றன. ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் வருகிற மாதிரி மாற்றிப் பதித்திருக்கிறார்கள். அதனால் எஞ்சினின் பல்சக்கரத்துக்கு ஒரு நொடிகூடப் பிடி விட்டுப்போகாது. 12 அடிக்கு 1 அடி ஏற்றம். வெறும் சக்கரம் வழுக்கிவிடும். குன்னூர் வரை 1899-லிருந்து இப்படித்தான் ஏறுகிறது.

ஹில்குரோவ் நிலையத்தில் தண்ணீர் பிடிக்க நின்றபோது பின்பக்கம் போனோம். இங்கே எஞ்சின் இழுக்காது, கீழிருந்து தள்ளும். பக்கவாட்டில் மேலும் கீழுமாக இரண்டு சிலிண்டர்கள். கீழே இருப்பது சாதாரணச் சக்கரங்களை ஓட்டுகிறது. அதில் வேலை முடித்த நீராவி மேல் சிலிண்டருக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஒரே நீராவிக்கு இரண்டு வேலை!

"அடுத்த வளைவுல தலையை நீட்டாம பின்னால பாருடா" என்றார். பார்த்தேன். மேல் சிலிண்டர் ஓட்டும் தண்டு ஒரு பக்கம் சுற்றுகிறது, கீழ்ச் சிலிண்டர் ஓட்டும் தண்டு எதிர்ப்பக்கம். இரண்டு முறை வந்தும் கண்ணில் படாத காட்சி அது.

முன்னால் என்ன இருக்கிறது என்று டிரைவருக்குத் தெரியாது. முதல் பெட்டியின் முன்மேடையில் நிற்கும் பிரேக்ஸ்மேன் கொடி காட்டுவதை வைத்துத்தான் ஓட்டுகிறார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் உண்டு. எங்கள் பெட்டி அண்ணனிடம் மழையைப் பற்றிக் கேட்டேன். "மழை நாள்ல பிரேக்குல இருந்து கையே எடுக்க மாட்டோம்ங்க" என்றார்.

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் மாட்டுகிறார்கள். எங்களைத் தள்ளி வந்த வகை நீராவி எஞ்சின்கள் முதலில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரிலிருந்து வந்தவை. 2011-லிருந்து பொன்மலையிலேயே புதிதாகச் செய்தார்கள், மாமா ஓய்வு பெற்ற பிறகு. அன்று எங்களைத் தள்ளியது அதில் ஒன்று. டீ ஆறிப்போகிறது என்று நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அந்த எஞ்சின் ஷெட்டுக்குள் போகும்வரை அவர் நகரவில்லை.