டைல்ஸ் டிசைன் காப்பி கேஸ்ல மாட்டுன அனுபவம் இருந்தா சொல்லுங்க

தரை டைல்ஸுக்கு பேட்டர்ன் வரைஞ்சு குடுக்குறதுதான் என் தொழில். என் டிசைன் ஒன்னுல நாலு மூலையிலயும் கருநீலத்துல கால் வட்டம் வரும், ஒவ்வொன்னுக்குள்ளயும் ஒரு இதழ். ஒத்தை டைலா பாத்தா வெறும் மூலை வேலைதான், நாலு டைலை ஒட்டிப் பதிச்சா சேர்ற இடத்துல முழுப் பூ விரியும். ரெஜிஸ்டரும் பண்ணியிருந்தேன், அந்த தைரியத்துல இருந்தேன்.

ஒருநாள் வேற கம்பெனி கேட்லாக்ல அதே தரை! டைலை கையில வாங்கிப் பாத்தா பூ முழுசா நடுவுல உக்காந்திருக்கு, மூலை நாலும் காலி. அதாவது என் பேட்டர்னை அரை டைல் நகர்த்தி வெட்டியிருக்காங்க, பதிச்சு முடிச்சா ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. நோட்டீஸ் விட்டோம், அவங்க பதில் ஒரே வரி: உங்க பதிவுல இருக்குறது ஒத்தை டைல் படம், அதையும் எங்க டைலையும் பக்கத்துல வெச்சுப் பாருங்கன்னு. வயித்துல புளியைக் கரைச்சுது, ஏன்னா பதிச்ச தரையோட படத்தை நான் குடுக்கவே இல்ல. எங்க வக்கீல் 1871ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் கரண்டி கைப்பிடி கேஸ்ல சொன்னதை எடுத்துக் காட்டினார், சாதாரணமா வாங்குறவர் கண்ணுக்கு ரெண்டும் ஒன்னா தெரியுதாங்கறதுதான் அளவுகோல். ஆனா கடையில அவர் பாக்குறது ஒத்தை டைலையா, பதிச்ச தரையையா? அங்கதான் நின்னுச்சு. நஷ்டஈடு கிடைக்கல. ராத்திரி ராத்திரியா வரைஞ்சது சார், இன்னும் ஆறல.

அதனால ஒத்தை டைலுக்கு தனியா, பதிச்ச தோற்றத்துக்கு தனியா பதிவு பண்ண முடியுமான்னு முதல்லயே கேட்டுருங்க.

பதில் 1:
படிக்கவே கஷ்டமா இருக்கு சார். எனக்கு வேற மாதிரி அடி, அப்ளிகேஷன் போடாம கண்காட்சியில வெச்சுட்டேன். அப்புறம் காப்பி அடிச்சவங்க மேல போனா நான் எடுத்த போட்டோவையே தேதியோட நீட்டி, இது பதிவுக்கு முன்னாடியே வெளிய வந்துருச்சு, புதுசே இல்லன்னு பதிவையே ரத்து பண்ண கேட்டாங்க. அமெரிக்கா, ஐரோப்பிய யூனியன்ல வெளியிட்டு 12 மாசத்துக்குள்ள போட்டா பரவால்ல, எல்லா நாட்டுலயும் அந்த சலுகை இல்ல.

பதில் 2:
பேட்டன்ட்டையும் டிசைனையும் குழப்பிக்காதீங்க. தோற்றத்துக்கு டிசைன் பதிவு, அமெரிக்காவுல அதுக்குப் பேரு டிசைன் பேட்டன்ட், 15 வருஷம். டைல் எப்படி ஒன்னோட ஒன்னு பொருந்துதுங்கறது வேற கணக்கு, கணித மேதை ரோஜர் பென்ரோஸ் தன்னோட டைல் செட்டுக்கு 1979ல அமெரிக்காவுல சாதாரண பேட்டன்ட்டே வாங்கினார்.

பதில் 1 எழுதினவருக்கு:
ரொம்ப நன்றிங்க. அடுத்த மாசம் கண்காட்சிக்கு மூணு புது பேட்டர்ன் ரெடியா வெச்சிருக்கேன், ஒன்னுக்கும் இன்னும் அப்ளிகேஷன் போடல. நாளைக்கு காலையில முதல் வேலையா வக்கீலைப் பாக்குறேன்.