டெல்லியிலிருந்து ஒரே நாளில் தாஜ்மகால்: 22 பேர், முதியவர்களும் உண்டு. பஸ்ஸா, ரயிலா? கைடு எப்படி?

கோவை_குடும்பம் கேட்டது:

டிசம்பர் கடைசி வாரம் 22 பேர் டெல்லி போகிறோம். பெரியவர்கள் 19 பேர். அதில் இரண்டு பேர், யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பெரியம்மா மகளும் அத்தானும், இலங்கை பாஸ்போர்ட். 15 வயதுக்குக் கீழே 3 பிள்ளைகள். எழுபதைத் தாண்டிய இருவருக்கு முட்டி வலி.

வியாழன் இரவு டெல்லி சேருகிறோம். வெள்ளி ஆக்ரா, சனி டெல்லி சுற்றல், ஞாயிறு இரவு ஊர் திரும்பல் என்று போட்டிருக்கிறேன். ஒரு டிராவல்ஸில், அதிகாலை 3 மணிக்கு பஸ், சூரிய உதயத்தில் தாஜ், பிறகு கோட்டை, ஷாப்பிங், இரவு டெல்லி, எல்லாம் அடக்கம் என்கிறார்கள். இதற்குச் சம்மதிக்கலாமா? ரயில் மேலா? தமிழ் பேசும் கைடு கிடைப்பாரா? இலங்கைக்காரர்களுக்கு டிக்கெட் எப்படி?

தண்டவாளம் எழுதியது:

முதலில் கிழமையை மாற்றுங்கள். வெள்ளிக்கிழமை தாஜ்மகால் பார்வையாளர்களுக்குக் கிடையாது, உள்ளே இருக்கும் பள்ளிவாசலில் தொழுகை மட்டும்தான். வெள்ளியை டெல்லிக்கு வைத்துக்கொள்ளுங்கள். செங்கோட்டை, குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை மூன்றும் அன்று திறந்திருக்கும். ஆக்ராவை சனிக்கிழமைக்குத் தள்ளுங்கள். சனி கூட்டம் அதிகம்தான், ஆனால் ஞாயிறு இரவே ஊர் திரும்புவதால் உங்கள் கணக்கில் வேறு நாள் இல்லை.

இரண்டாவது, மூடுபனி. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முழுக்க ஆக்ராவில் காலை பத்து, பத்தரை வரைகூடப் பனி விலகாத நாட்கள் உண்டு. அந்த வாரத்தில் சூரிய உதயத்துக்குப் போய் நின்றால் நுழைவு மாடத்திலிருந்து பார்க்கும்போது எதிரே வெள்ளைத் திரைதான் இருக்கும், குவிமாடம் இருக்காது. அக்டோபரிலோ பிப்ரவரியிலோ அந்தப் பயணத்திட்டம் அருமை; உங்கள் வாரத்துக்குப் பொருந்தாது.

அதைவிடப் பெரிய விஷயம் சாலை. யமுனா எக்ஸ்பிரஸ்வே 165 கி.மீ. நேர்கோடு. பனியில் முன்னே நிற்கும் லாரி கண்ணில் படுவதற்குள் இடித்துவிடும் தூரம் வந்துவிடும், ஒன்றன்மேல் ஒன்றாக வண்டிகள் மோதுவது அப்படித்தான். குளிர்காலத்தில் அங்கே வேக வரம்பையே குறைத்துவிடுகிறார்கள். குழந்தைகளையும் வயதானவர்களையும் ஏற்றிக்கொண்டு டிசம்பர் கடைசியில் அதிகாலை 3 மணிக்கு அந்தச் சாலையில் போகவே வேண்டாம் என்பேன்.

ரயிலில் போவதற்கு போபால் சதாப்தி. புது டெல்லி நிலையத்தில் காலை 6 மணிக்குக் கிளம்பி எட்டை ஒட்டி ஆக்ரா கண்டோன்மென்ட். திரும்ப கதிமான் எக்ஸ்பிரஸ், ஆக்ராவில் மாலை 5:50-ஐ ஒட்டி எடுத்து ஏழரைக்கு ஹஜ்ரத் நிஜாமுதீன். ஏறும் நிலையம் வேறு, இறங்கும் நிலையம் வேறு என்பதை ஓட்டல் வண்டிக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். இணையத்தில் ஒரு டிக்கெட்டுக்கு 6 பேர்தான், எனவே 6, 6, 6, 4 என்று நான்கு டிக்கெட். ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு பெரியவரின் கைபேசி எண் இருக்கட்டும். முதியவர்கள் இருவரையும் ஒரே டிக்கெட்டில் போடாமல், அவரவரைக் கவனித்துக்கொள்பவரோடு சேர்த்துப் போடுங்கள். நேரங்கள் மாறுவதுண்டு, பதிவு செய்யும்போது ஒருமுறை சரிபாருங்கள்.

அம்மாபேட்டை_ரவி எழுதியது:

காலையிலும் கதிமானே போகலாமே? 8:10-க்கு நிஜாமுதீன், 9:50-க்கு ஆக்ரா. பனியும் விலகியிருக்கும், முதியவர்களும் அதிகாலையில் எழ வேண்டாம். ஒரே நிலையம்.

தண்டவாளம் எழுதியது:

மற்ற மாதங்களில் அதுதான் சரி, ரவி. பனிக்காலத்தில் ரயிலும் தாமதமாகும். ஆறு மணி வண்டி இரண்டு மணி நேரம் தாமதித்தாலும் பத்துக்கு ஆக்ரா. எட்டு மணி வண்டி இரண்டு மணி நேரம் தாமதித்தால் பன்னிரண்டு. தாஜ் சூரிய அஸ்தமனத்துக்கு அரை மணி முன்பு மூடும். டிசம்பரில் அது மாலை ஐந்துக்கெல்லாம் வந்துவிடும். அப்புறம் கோட்டையை விட்டுவிட வேண்டியதுதான். முதல் வண்டியில் போனால் தாமதத்தைத் தாங்க இடம் இருக்கிறது.

சதாப்தி சரியான நேரத்துக்குப் போய், எட்டு மணிக்குப் பனி கெட்டியாக இருந்தால் தாஜை நோக்கி ஓடாதீர்கள். காலை உணவு, பிறகு ஆக்ரா கோட்டை, பதினொன்றுக்கு தாஜ். ஒரே நஷ்டம், கோட்டையின் முசம்மன் புர்ஜ் என்ற கோபுரத்திலிருந்து தாஜ் தெரியாமல் போகலாம். ஷாஜகான் 1658 முதல் 1666-ல் இறக்கும்வரை காவலில் இருந்தது அந்தக் கோட்டையில்தான். அந்த ஜன்னல்வழிக் காட்சிக்காக வரிசையை மாற்றினால் தாஜையே பனிக்குள் பார்க்க நேரும், வேண்டாம்.

டிக்கெட்_கவுண்டர் எழுதியது:

டிக்கெட் கணக்கு இது. இந்தியர் நுழைவு 50 ரூபாய். சார்க் (தெற்காசிய நாடுகள்), பிம்ஸ்டெக் (வங்கக் கடலைச் சுற்றிய நாடுகள்) கூட்டமைப்பு நாட்டவருக்கு 540. இலங்கை இரண்டிலும் உண்டு, எனவே உங்கள் அக்காவுக்கும் அத்தானுக்கும் வெளிநாட்டவர் கட்டணமான 1100 கட்ட வேண்டியதில்லை. கல்லறை இருக்கும் பளிங்கு மேடைக்கு ஏற எல்லோருக்கும் தனியாக 200. பிள்ளைகளுக்கு எதுவும் இல்லை. 17 பேருக்கு 250 வீதம் 4250, இரண்டு பேருக்கு 740 வீதம் 1480, ஆக மொத்தம் 5730 ரூபாய். ஏஜென்ட் "நுழைவுக் கட்டணம் அடக்கம்" என்றால் அந்த 200-ம் சேர்ந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேதான் இடறும்.

அக்காவும் அத்தானும் பாஸ்போர்ட்டின் அசலைக் கையில் வைத்திருக்க வேண்டும், ஓட்டல் அறையில் அல்ல. முகத்தையும் பேச்சையும் பார்த்து இந்தியர் டிக்கெட்டே எடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். நுழைவில் அடையாள அட்டை கேட்டால் 22 பேரும் வெளியே நிற்கவேண்டி வரும், அந்த யோசனையைக் கேட்காதீர்கள். பிள்ளைகளின் வயதுக்கு ஆதார் அல்லது பாஸ்போர்ட்.

தொல்லியல் துறையின் இணையதளத்தில் முன்பே எடுத்து, க்யூஆர் கோடுகளைப் படமாகச் சேமித்து, ஆளுக்கு ஆள் அனுப்பிவிடுங்கள். ஒருவர் கைபேசியில் 22 கோடும் இருந்தால், ஆண் வரிசை பெண் வரிசை பிரியும் இடத்தில் பாதிப் பேர் மாட்டிக்கொள்வார்கள். டிக்கெட் உள்ளே நுழைந்ததிலிருந்து 3 மணி நேரத்துக்குத்தான் செல்லும்.

சோதனையில் தடுக்கப்படுபவை: தின்பண்டம் (மிட்டாய் உட்பட), புகையிலை, சிகரெட், லைட்டர், கத்தி, கைபேசி சார்ஜர், ஹெட்போன், டிரைபாட். பெரிய பையும் வேண்டாம். கைபேசி, கேமரா, தண்ணீர் பாட்டில், அன்றைய மருந்து, அடையாள அட்டை, அவ்வளவோடு போங்கள். ஒருவரின் பையில் முறுக்குப் பொட்டலம் இருந்தால் அவர் லாக்கருக்குத் திரும்பிப் போய் வரும்வரை மொத்தக் குழுவும் காத்திருக்கும்.  அதனால் ரயிலில் இறங்கியதும் ஒருமுறை எல்லோர் பையையும் பார்த்துவிடுங்கள்.

கல்தச்சன் எழுதியது:

கைடு பற்றி. ஆக்ராவில் தமிழில் விளக்கும் கைடு அரிது. "தமிழ் தெரியும்" என்று வாசலில் வந்து ஒட்டிக்கொள்பவர்களுக்குப் பத்து வார்த்தை தெரியும். உள்ளூரில் அந்தத் தரகர்களை லப்கா என்பார்கள். சுற்றுலாத் துறை அங்கீகாரம் பெற்றவரிடம் படம் போட்ட அட்டை இருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள், கட்டணத்தையும் அப்போதே முடிவு செய்யுங்கள்.

22 பேருக்கு ஒரு கைடு போதாது. சனிக்கிழமை நெரிசலில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் அவர் குரல் எட்டாது. பின்னால் நிற்பவர்கள் செல்பி எடுக்கப் போய்விடுவார்கள், பிறகு தேட வேண்டும். 11, 11 ஆகப் பிரித்து ஆங்கிலம் பேசும் இரண்டு கைடு வையுங்கள். ஒவ்வொரு அணியிலும் ஆங்கிலம் நன்றாக வரும் ஒருவர் மொழிபெயர்க்கட்டும். கைடிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: இரண்டு நிமிடம் பேசி நிறுத்த வேண்டும், அடுத்த ஒரு நிமிடம் தமிழுக்கு. இதைச் சொல்லாவிட்டால் அவர் பத்து நிமிடம் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடுவார், மொழிபெயர்ப்பவருக்குப் பாதி மறந்துவிடும்.

விளக்கமெல்லாம் வெளியிலேயே முடிந்துவிட வேண்டும். கல்லறைக் கூடத்துக்குள் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், காவலர்கள் நிற்க விடமாட்டார்கள், படம் எடுக்கக் கூடாது, குவிமாடத்தின் எதிரொலியில் பேசுவது ஒன்றும் புரியாது. உள்ளே எதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு போனால் அந்தச் சில நிமிடமும் வீணாகாது. நட்ட நடுவில் இருப்பது மும்தாஜுடையது. அதற்கு மேற்கே, சற்றுப் பெரிதாக, பிற்பாடு வந்து சேர்ந்தது ஷாஜகானுடையது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுபோல் அமைத்த கூடத்தில் சமச்சீரை உடைப்பது கட்டியவரின் கல்லறைதான். இரண்டுமே மேலே அடையாளத்துக்காக வைத்த வெற்றுக் கல்லறைகள், உடல்கள் கீழறையில், அங்கே சாதாரண நாளில் அனுமதி இல்லை.

வெளியே மூன்று இடத்தில் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். ஒன்று, நுழைவு வளைவைச் சுற்றி ஓடும் கறுப்புப் பளிங்கு எழுத்து. அமானத் கான் என்ற எழுத்தோவியர் எழுதிய குர்ஆன் வசனங்கள். மேலே போகப் போக எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறார், அதனால்தான் கீழிருந்து பார்க்க எல்லாம் ஒரே அளவாகத் தெரிகிறது. இரண்டு, பளிங்குச் சுவரில் ஒட்டியிருக்கும் தூண்கள். மேலும் கீழுமாக மடங்கிச் செல்லும் கோடு பதித்திருப்பார்கள். தள்ளி நின்றால் தூணுக்கு ஆறு முகம் இருப்பதுபோலத் தெரியும். கிட்டே போய் எண்ணினால் மூன்றுதான். பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள், வேறு எதையும் மறந்தாலும் இதை மறக்கமாட்டார்கள். மூன்று, பூப் பதிப்பு. இதழ் ஒவ்வொன்றும் தனிக் கல், பளிங்கைக் குடைந்து உள்ளே இறக்கியது. பக்கவாட்டில் தலையைச் சாய்த்து, வெளிச்சம் சறுக்கும் கோணத்தில் பாருங்கள்: கல்லும் பளிங்கும் சேரும் இடத்தில் மேடு பள்ளமே இருக்காது.

நான்கு மினார்களும் சற்று வெளிப்பக்கம் சாய்ந்தவை, விழ நேர்ந்தாலும் கல்லறைமேல் விழாமல் இருக்க. இதை கைடு சொன்னால் நம்புங்கள். தொழிலாளர் கையை வெட்டினார்கள் என்று சொன்னால் நம்பாதீர்கள், அதற்கு ஆதாரம் இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் கறுப்புத் தாஜ் கட்ட இருந்தார் என்பதும் அப்படியே; அங்கே உள்ள மெஹ்தாப் பாக்கில் தோண்டிப் பார்த்தபோது கிடைத்தது ஒரு தோட்டமும் எண்கோணக் குளமும். மும்தாஜ் 1631-ல் புர்ஹான்பூரில் இறந்தார், அடுத்த ஆண்டு வேலை தொடங்கியது, வளாகம் முழுதும் முடிய 1653 ஆனது. இந்த மூன்றையும் பிள்ளைகளிடம் ரயிலிலேயே சொல்லிவிட்டால் கைடுக்கு நேரம் மிச்சம்.

கோவை_குடும்பம் கேட்டது:

கிழமையை மாற்றிவிட்டேன், ரயிலும் முடிவாகிவிட்டது. முட்டி வலிக்காரர்களுக்கு எவ்வளவு நடை இருக்கும்? எந்த வாசல்?

டிக்கெட்_கவுண்டர் எழுதியது:

கிழக்கு வாசல் போங்கள். 500 மீட்டர் சுற்றளவுக்குள் பெட்ரோல், டீசல் வண்டி போகாது. ஷில்ப்கிராம் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து பேட்டரி வண்டியில் வாசல்வரை போகலாம். முதியவர்களை அதில் முதல் வண்டியிலேயே ஏற்றுங்கள். உள்ளே நடை சமதளம். சிரமம் பளிங்கு மேடைக்கு ஏறும் படிகளில்தான், அந்த இருவரும் ஏற வேண்டாம் என்று முடிவு செய்தால் அவர்களுக்கு 200 ரூபாய் டிக்கெட்டும் வேண்டாம். தோட்டத்தின் நடுவே உயர்ந்த பளிங்குத் தொட்டி இருக்கிறது, அங்கே பெஞ்சில் உட்கார்ந்தால் முழுக் கட்டடமும் கண்முன்னே. மேடையேறுபவர்கள் செருப்புக்கு உறை போட வேண்டும். 20 உறையை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போதுதான் பலர் தொலைகிறார்கள். முன்முற்றத்தில் கிழக்கு வாசலும் மேற்கு வாசலும் அச்சாக ஒன்றுபோல் இருக்கும். உள்ளே போகும்போது தாஜ் முகத்துக்கு நேரே இருந்தால் கிழக்கு வலக்கைப் பக்கம். திரும்பி வரும்போது அதுவே இடக்கைப் பக்கம். வலப்பக்கம் திரும்பியவர் மேற்கே வெளியேறிவிடுவார், வந்த வழியே மறுபடி உள்ளே விடமாட்டார்கள், ஊரைச் சுற்றி வர வேண்டும். "வரும்போது இடக்கை" என்று எல்லோருக்கும் கைபேசியில் அனுப்பி வையுங்கள்.

அம்மாபேட்டை_ரவி எழுதியது:

ஷாப்பிங்கை தாஜுக்கும் கோட்டைக்கும் நடுவில் வைக்க விடாதீங்க. பளிங்குக் கடையில ஒரு மணி நேரம் உட்காரவெச்சிட்டா ரயில் போயிடும், கமிஷன் அங்கதான். வாங்கியே ஆகணும்னா நகத்தால அடிப்பக்கம் கீறிப் பாருங்க. தூள் வந்தா அது மாக்கல், பளிங்கு இல்ல. கைபேசி டார்ச்சை ஒட்டி வெச்சா நல்ல பளிங்குல வெளிச்சம் உள்ள ஊடுருவும்.

ஊருக்குக் கொண்டுபோக பேட்டாங்கிற இனிப்பு வாங்கிக்கலாம். நம்ம காசி அல்வா மாதிரி வெண்பூசணிதான், ஆனா துண்டு துண்டா இருக்கும். காய்ஞ்ச வகையா கேட்டு வாங்குங்க. பாகுல ஊறினது ஞாயிறு ராத்திரிக்குள்ள பையில ஒழுகிடும்.