ஏ7 மார்க் 4: 4கே 60பி வைத்தால் படம் ஏன் கிட்டே வருகிறது? கல்யாணத்துக்கு எந்த மோடு?

மண்டப_வெளிச்சம்:
வணக்கம். அமெரிக்காவிலிருந்து மாமா சோனி ஏ7 மார்க் 4 வாங்கி வந்தார். இதுவரை ஃபோட்டோ மட்டும் எடுத்தவன், ஆசைப்பட்டு அடுத்த முகூர்த்தத்துக்கு வீடியோவும் ஒத்துக்கொண்டுவிட்டேன். மெனுவைத் திறந்தால் எச்எஸ், எஸ், எஸ்-ஐ, 4:2:0, 4:2:2, 100எம், 200எம் என்று தலை சுற்றுகிறது. பெரிய எண்தானே நல்லது என்று எச்எஸ், 4கே 60பி (நொடிக்கு 60 ஃப்ரேம்), 200எம் வைத்து ஒரு நிச்சயதார்த்தம் எடுத்தேன். 24-70 லென்ஸில் மேடை முழுக்க அடங்கவில்லை. விளக்குப் பக்கம் திருப்பினால் பட்டை பட்டையாக ஓடுகிறது. அப்புறம் லேப்டாப்பில் போட்டால் மோதிரம் மாற்றும் இடம் நின்று நின்று நகர்கிறது. எதை வைக்கட்டும்?

இருபத்தைந்து_பி:
தம்பி, மேடை அடங்காதது உங்கள் தப்பில்லை. இந்த கேமராவில் 4கே 60பி ஃபுல் ஃப்ரேமில் (முழு சென்சாரில்) கிடையாது, சென்சாரின் நடுவில் ஏபிஎஸ்-சி என்ற சின்ன அளவை மட்டும் எடுத்துக்கொள்ளும். 1.5 மடங்கு. நீங்கள் 24 என்று நினைத்து நிற்கிறீர்கள், கிடைப்பது 36-க்கான கோணம். ஆட்டத்தைக் குறைக்கும் ஆக்டிவ் ஸ்டெடிஷாட்டும் போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டும். 30பி அல்லது அதற்குக் கீழே வந்தால் முழு அகலமும் வரும், அதுவும் 7கே அளவுக்கு வாசித்து 4கே ஆகச் சுருக்குவதால் பட்டுப் புடவை ஜரிகை தனித்தனியாகத் தெரியும். ஒரே கஷ்டம், முழு சென்சாரையும் வாசிக்க நேரம் பிடிப்பதால், சட்டென்று கேமராவைத் திருப்பினால் மண்டபத் தூணெல்லாம் சாய்ந்து நிற்கும்.

பட்டைக்குக் காரணம் கரண்ட். நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ், உங்கள் கேமரா அமெரிக்கக் கணக்கில் என்டிஎஸ்சியில் இருக்கிறது. பாலுக்கு மாற்றுங்கள் (குடிக்கிற பால் இல்லை, பிஏஎல்). 25, 50 வந்துவிடும். 25பி, ஷட்டர் 1/50. பின்னால் எல்இடி திரை இருந்தால் இது மட்டும் போதாது, ஷட்டரை முன்னே பின்னே நகர்த்திக் கண்ணால் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

ரெண்டர்_ராத்திரி:
லேப்டாப் விஷயத்துக்கு வருகிறேன். எச்எஸ் என்பது எச்.265 என்ற சுருக்கும் முறை, சின்ன ஃபைலில் நிறையத் தகவலை அடைக்கும், அதைப் பிரித்துக் காட்டக் கம்ப்யூட்டர் முக்க வேண்டும். எஸ்-ஐ ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியாக எழுதுவதால் எடிட்டில் வழுக்கிக்கொண்டு ஓடும், ஆனால் 25பிக்கே 250எம் (நொடிக்கு 250 மெகாபிட்), அதாவது மணிக்கு 112 ஜிபி. நாலு மணி நேரக் கல்யாணத்துக்குக் கார்டு வாங்கியே சம்பளம் கரைந்துவிடும். எஸ் (பழைய எச்.264 முறை), 25பி, 140எம், 4:2:2 10-பிட் (நிறத் தகவல் கூடுதலாகச் சேரும்) வையுங்கள், மணிக்கு 63 ஜிபி. அதுவும் திணறினால் ப்ராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் ஒரு லேசான நகல்) போட்டுக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. எச்எஸ்சில் இருந்துகொண்டு 25பியைத் தேடாதீர்கள், பாலில் அதற்கு 50பி மட்டும்தான். நான் அரை மணி நேரம் தேடியிருக்கிறேன்.

மண்டப_வெளிச்சம்:
மிக்க நன்றி அண்ணா. 10-பிட் என்றால் எஸ்-லாக்3யும் (பின்னால் நிறம் திருத்துவதற்காக மங்கலாகப் பதிவாவது) போட்டுவிடவா?

இருபத்தைந்து_பி:
முதல் கல்யாணத்துக்கா? வேண்டாம். அதில் ஐஎஸ்ஓ 800-இல்தான் தொடங்கும், வெளியே மாப்பிள்ளை அழைப்பு வெயிலில் இருந்தால் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் இல்லாமல் 1/50 ஷட்டரில் எல்லாம் வெளுத்துவிடும். எஸ்-சினிடோன் என்ற நிற அமைப்பை வையுங்கள், முகம் அழகாக வரும், கிரேடிங் (நிறம் திருத்துவது) செய்ய உட்காரவும் வேண்டாம்.

அட்சதை:
இவர்கள் 50பியை ஒரேயடியாக ஒதுக்குவது எனக்கு ஒப்பவில்லை. அட்சதை விழுவது, மணப்பெண் நடந்து வருவது, இதையெல்லாம் 50பியில் எடுத்து 25 டைம்லைனில் பாதி வேகத்தில் விட்டால் அதன் அழகே தனி. அந்த வெட்டு கூட குளோசப்புக்கு உதவும். டயலில் 1, 2, 3 இருக்கிறதே, 1-இல் 25பி, 2-இல் 50பி என்று முன்னாடியே சேமித்துவிடுங்கள். ஸ்லோ மோஷனுக்கென்று எஸ் அண்ட் க்யூ (ஸ்லோ அண்ட் க்விக்) மோடில் மட்டும் விட்டுவிடாதீர்கள், அதில் ஒலி பதிவாகாது. நான் ஒரு முறை மறந்துபோய்க் கெட்டிமேளத்தை ஊமைப் படமாக எடுத்துக் கொடுத்து, இன்றுவரை அந்த வீட்டுப் பக்கம் போவதில்லை.

ரெண்டர்_ராத்திரி:
இன்னொன்று, இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி வைத்திருக்கிறீர்கள்தானே?

மண்டப_வெளிச்சம்:
...இல்லை. இப்போதே போய் இன்னொரு கார்டு வாங்குகிறேன்.