எலிக்காய்ச்சலுக்கு மேட் (MAT) பரிசோதனை, அதாவது ரத்தத்தில் எந்த வகைக் கிருமிக்கு எதிர்ப்பொருள் இருக்கிறது என்று பார்க்கும் சோதனை, எடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

புதுவயல் ராசு:
என் மச்சானுக்கு வந்தது. அரிசி மில் வேலை, அங்கே எலிக்கா பஞ்சம்? ஐப்பசி மழையில் களத்துத் தண்ணீரில் வெறுங்காலோடு நடந்திருக்கிறார். காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்கால் வலி. முதலில் விடால் பார்த்து டைபாய்டு என்றார்கள், அதை விடுங்கள். சென்னைக்கு ரத்தம் அனுப்பி வந்த ரிப்போர்ட்தான் இன்னும் உறுத்துகிறது. எலிக்காய்ச்சல் கிருமியின் வகைப் பெயர்களாம்: ஆட்டம்னாலிஸ் 1:200, ஆஸ்ட்ராலிஸ் 1:100. இரண்டு வாரம் கழித்து எடுத்த ரத்தத்தில் இக்டெரோஹெமரேஜியே என்ற இன்னொரு வகை 1:1600, மற்ற இரண்டும் கீழே கிடக்கின்றன. மச்சான் இரண்டு தாளையும் முற்றத்து வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "ஏன் மாப்ளே, எனக்கு வந்தது ஒரு காய்ச்சலா, மூணு காய்ச்சலா?" என்றார். டாக்டரிடம் கேட்டால், "அதான் சரியாப்போச்சே!"

தேவகோட்டை விசாலம்:
ராசு அண்ணே, எலியை மட்டும் சொல்லாதீர்கள். நாய், மாடு, பன்றி மூத்திரத்திலும் இது உண்டு. எங்கள் நாய்க்குக் கேனிகோலா என்ற வகை 1:100 என்று வந்தது. ஆயா அன்றைக்கே அதை வளவை விட்டு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள். கால்நடை டாக்டரோ, ஊசி போட்ட நாய்க்கு அவ்வளவு காட்டத்தான் செய்யும், தடுப்பூசியிலேயே கேனிகோலா இருக்கிறது என்றார். ஆயா கேட்கவில்லை. நாய் இன்னும் கொட்டகையில்தான்.

காரைக்குடி லேப் தம்பி:
மேட் செய்வதைப் பயிற்சியில் பார்த்திருக்கிறேன். இருட்டுப்புல மைக்ராஸ்கோப்பில் உயிருள்ள லெப்டோஸ்பைரா, அதான் எலிக்காய்ச்சல் கிருமி, கறுப்பில் வெள்ளை நூல் துணுக்காக நெளியும். நோயாளியின் சீரம் கலந்த குழியில் அப்படியே கட்டி கட்டியாகத் திரண்டு நிற்கும். கண்ணை எடுக்கவே மனசு வரவில்லை. சீரத்தை நீர்க்க நீர்க்கப் பார்த்துக்கொண்டே போவார்கள். எதுவரைக்கும் பாதிக் கிருமியாவது திரள்கிறதோ, அந்த அளவுதான் ரிப்போர்ட்டில் வரும்; 1:200 என்றால் 200 மடங்கு நீர்த்தது.

ராசு அண்ணே, வந்தது ஒரே காய்ச்சல்தான். ஆரம்பத்தில் உருவாகும் எதிர்ப்பொருள் சம்பந்தமில்லாத வகைகளோடும் ஒட்டும், பிறகுதான் தெளியும். அதனால்தான் இரண்டாவது ரத்தம். அளவு நான்கு மடங்கு ஏறினால் நோய் உறுதி. அப்போதும் கிருமி எந்த வகைக் குடும்பம் என்று ஒரு குறிப்புதான் கிடைக்கும். 250-க்கு மேல் வகை இருக்கிறது, லேபில் வைத்திருக்கும் சிலவற்றோடுதான் ஒட்டிப் பார்ப்பார்கள். இன்ன வகைதான் என்று அடித்துச் சொல்ல, கிருமியையே ரத்தத்திலிருந்து வளர்த்தெடுக்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் ஆகும். முதல் வாரம் என்றால் கிருமியின் மரபணுவையே தேடும் பிசிஆர் சோதனை கேளுங்கள், எதிர்ப்பொருள் அப்போது சரியாகத் தெரியாது. ரிப்போர்ட் வரட்டும் என்று மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். மில்லில் கம்பூட்ஸ் கட்டாயம். காலில் வெடிப்பு இருந்தால் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். குடிதண்ணீர்ப் பானையை மூடி வையுங்கள். அப்புறம்,

கானாடுகாத்தான் வாசு:
தம்பி, மூச்சு விடு. பானையைப் பற்றி யார் கேட்டது? எங்கள் அண்ணிக்கு எலிசா என்ற ரத்தப் பரிசோதனையில் ஐஜிஎம் எதிர்ப்பொருள் பாசிட்டிவ் என்று மட்டும் வந்தது, வகையும் இல்லை, ஒன்றும் இல்லை. டாக்ஸிசைக்ளின் கொடுத்தார்கள், எழுந்து பணியாரம் சுட்டார். எந்த வகையானாலும் மருந்து ஒன்றுதானே? எதற்குச் சென்னை வரை ரத்தம் போக வேண்டும்?

விசாலம்:
வாசு அண்ணே, மருந்து ஒன்றாக இருக்கலாம். நாய்க்கும் மாட்டுக்கும் போடும் ஊசி அப்படி இல்லை. அதில் இருக்கிற வகைக்குத்தான் அது காக்கும். ஊரில் எது சுற்றுகிறது என்று தெரியாமல் எந்த ஊசியைப் போடுவது?

புதுவயல் ராசு:
எனக்கு மில்லுக்காக வேண்டும். தெருநாய்தான் காரணம் என்று முதலாளி நாயை விரட்டினார், மூட்டைக்கு அடியில் எலி குட்டி போட்டுக்கொண்டிருந்தது. இக்டெரோஹெமரேஜியே பெரும்பாலும் எலியிடம் இருப்பது என்று தாளைக் காட்டிய பிறகுதான் பொறிக்குக் காசு கொடுத்தார். தம்பி சொல்வதுபோல் வெறும் குறிப்பாகவே இருக்கட்டும். கம்பூட்ஸ் பேச்சை எடுத்தால் மட்டும் இன்னும் காது கேட்கவில்லை அவருக்கு.