குளியலறையில் நாலு வேலை: எதை நாமே செய்யலாம், எதற்கு ஆள் கூப்பிட வேண்டும்?

கேட்டவர்: புதுப்பயனர்

வணக்கம். குளியலறையில் நாலு வேலை சேர்ந்துவிட்டது.
1. குழாயை மூடினாலும் சொட்டுகிறது.
2. தரை டைல்ஸ் ஜாயின்ட் கறுத்து, இரண்டு மூன்று இடத்தில் உதிர்ந்துவிட்டது.
3. கீசர் பிளக் பாயின்ட் ஒரு பக்கம் பழுப்பு நிறமாகியிருக்கிறது.
4. பின்பக்கப் படுக்கையறைச் சுவரில் கீழே பெயின்ட் உப்பி உரிகிறது.

ஸ்க்ரூ டிரைவர், ரெஞ்ச், சின்ன டிரில் கைவசம் உண்டு. இதில் எதையெல்லாம் நானே தொடலாம்?

---

ரசமட்டம்:

ஒரு வேலையில் தப்பு நடந்தால் அது உடனே கண்ணில் படுமா, சுவருக்குள் ஒளிந்துகொள்ளுமா என்று முதலில் பாருங்கள். கண்ணில் படும் தப்பை நாமே திருத்திக்கொள்ளலாம். ஒளிந்துகொள்ளும் தப்புக்குத் தெரிந்த ஆள்தான் சரி. வேலை சின்னதா பெரிதா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

குழாய் உங்கள் வேலைதான். வாய் வழியாகச் சொட்டினால் வாஷர் தேய்ந்திருக்கும். கால்வாசிச் சுற்றிலேயே முழுதாகத் திறக்கும் வகை என்றால் உள்ளே இருக்கும் செராமிக் ஸ்பிண்டில் (கைப்பிடியோடு திரும்பும் உள்தண்டு) போயிருக்கும். கைப்பிடியைச் சுற்றிக் கசிந்தால் கோளாறு ஓ-ரிங்கில் (தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம்). குளியலறைக்குத் தண்ணீர் வரும் கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டு ஸ்பிண்டிலைக் கழற்றுங்கள். கடைக்குப் போகும்போது பழசைக் கையோடு கொண்டு போங்கள். ஸ்பிண்டில் முனையில் உள்ள பல் எண்ணிக்கை மாறினால் கைப்பிடி உட்காராது. புது வாஷரும் சீக்கிரமே கிழிந்தால், அது உட்காரும் பித்தளை விளிம்பு அரித்திருக்கிறது, குழாயையே மாற்ற வேண்டும்.

முழுக் குழாயை மாற்றும்போதுதான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள். குழாயின் மரை முனை (சுவருக்குள் திருகும் பக்கம்) உங்களைப் பார்த்திருக்கும்படி பிடித்து, டெஃப்லான் டேப்பைக் கடிகார முள் போகும் திசையில் இழுத்துச் சுற்றுங்கள். மெல்லிய டேப் என்றால் 8 முதல் 10 சுற்று. கையால் முடிந்தவரை திருகிவிட்டு, ரெஞ்சால் குழாய் நேராக நிற்கும் வரை மட்டும் முறுக்குங்கள். நேர்நிலையைத் தாண்டிவிட்டதே என்று பின்னால் திருப்பினால் டேப் கிழிந்து கசியும். அப்படி ஆனால் முழுதாகக் கழற்றி, டேப்பைப் புதிதாகச் சுற்றி மறுபடி போடுவதுதான் வழி. பலம் கொண்டமட்டும் முறுக்கினால் சுவருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் எல்போ (பைப்பின் வளைவு இணைப்பு) விரிசல் விடும். அது வெளியே தெரியாது. மரை இறுகிப்போய் அசையவே இல்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

டைல்ஸ் ஜாயின்டும் நீங்களே செய்யலாம். பழையதன் மேல் பூசினால் நிற்காது. டைல் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்காவது சுரண்டி எடுக்க வேண்டும்.

---

மின்தடம்:

மூன்றாவது வேலையைத் தொடாதீர்கள். இன்றைக்கே அந்தப் பாயின்ட்டின் எம்சிபியை (மின்பெட்டியில் இருக்கும் தானியங்கி சுவிட்ச்) இறக்கிவிடுங்கள். எலக்ட்ரீஷியன் வரும்வரை கீசர் வேண்டாம்.

2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு இது சுமையே இல்லை. ஆனாலும் பழுப்பேறியிருக்கிறது என்றால் சாக்கெட்டின் உள்பிடி தளர்ந்திருக்கும், ஒயர் ஸ்க்ரூ லூசாக இருக்கும், அல்லது அங்கே 6 ஆம்பியர் சாக்கெட் மாட்டியிருப்பார்கள். சாக்கெட்டை மட்டும் மாற்றினால் போதும் என்று தோன்றும். ஆனால் சூட்டில் ஒயரின் மேலுறை இறுகி, உள்ளே செம்பும் கறுத்திருக்கும். பளிச்சென்ற செம்பு தெரியும் வரை வெட்ட வேண்டும். நீளம் பற்றாவிட்டால் புது ஒயர் இழுக்க வேண்டும். கறுத்த செம்பையே மறுபடி முறுக்கினால் புது சாக்கெட்டும் அதே கதிதான்.

வருகிறவரிடம் இரண்டு சோதனை கேளுங்கள். ஒன்று, அந்தப் பாயின்ட்டில் எர்த் உண்மையில் வேலை செய்கிறதா. இன்னொன்று, மெக்கர் (காப்பு எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் கருவி) வைத்து ஒயரின் காப்பு. 500 வோல்ட் சோதனையில் 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த ஒயரை வைத்துக்கொள்ளக் கூடாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் இதோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

டெஸ்டர் விளக்கு எரியாததை மட்டும் நம்பி யாரும் கை வைக்க வேண்டாம். விளக்கு கெட்டிருந்தாலும் எரியாதுதானே. கரண்ட் வரும் வேறொரு பாயின்ட்டில் முன்னும் பின்னும் சோதித்துப் பார்த்தால்தான் அதற்கு மதிப்பு.

---

கட்டுமானி:

ரசமட்டம் சொன்னதில் ஓர் இடத்தில் நான் மாறுபடுகிறேன். ஜாயின்டை இப்போதே பூசாதீர்கள். நீங்கள் நாலாவதாகச் சொன்ன படுக்கையறைச் சுவர் கோளாறுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். சிமென்ட் ஜாயின்ட் தண்ணீரைத் தடுக்காது, தடுப்பது டைலுக்கு அடியில் இருக்கும் வாட்டர்ப்ரூஃப் பூச்சு. அது போயிருந்தால் மேலே எதைப் பூசினாலும் கொஞ்ச நாள்தான்.

ஓதம் (சுவரில் ஊறும் ஈரம்) எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதை நீங்களே செய்யலாம், செலவில்லை. இரவில் எல்லாக் குழாயையும், தொட்டிக்கு வரும் தண்ணீரையும் அடைத்துவிட்டுத் தொட்டியில் மட்டத்தைக் குறியுங்கள். காலையில் இறங்கியிருந்தால் சப்ளை பைப்பில் கசிவு. இறங்கவில்லை என்றால் தரையின் நீர்ப்போக்கியைத் துணியும் பிளாஸ்டிக் உறையும் வைத்து அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் விடுங்கள். மட்டம் இறங்கி, பின்சுவரில் ஈரம் கூடினால் தரைதான் காரணம். அடைப்பே கசிகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மட்டம் அப்படியே நின்றால் வேஸ்ட் பைப்பைச் சந்தேகியுங்கள்.

மூன்றில் எது என்றாலும் சரிசெய்ய ஆள் வேண்டும். சப்ளை பைப் மாற்றினால் சுவரைப் பூசுவதற்கு முன் கைப்பம்பு வைத்து அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். வழக்கமான அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றி, ஒரு மணி நேரமாவது முள் இறங்காமல் நிற்க வேண்டும். பைப் ஓடும் பாதையைப் பூச்சுக்கு முன் அளவுடன் படம் எடுத்து வையுங்கள். பிறகு டிரில் போடும்போது அதுதான் காப்பாற்றும். இந்த அழுத்தச் சோதனை முடிந்த பிறகே கடைசித் தவணை என்று வேலை தொடங்கும்போதே பேசிவிடுங்கள்.

---

புதுப்பயனர்:

மூவருக்கும் நன்றி. எம்சிபியை இறக்கிவிட்டேன். கசிவு நின்ற பிறகு சுவருக்கு நானே பட்டி (புட்டி) போட்டு பெயின்ட் அடிக்கலாமா? சுவர் காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

---

கட்டுமானி:

தாராளமாக. ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை, பொறுங்கள். வியர்க்காத பிறகு உப்பிய பெயின்ட்டோடு பொருபொருத்த பூச்சையும் கெட்டியான இடம் வரை சுரண்டுங்கள். வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள்; தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். பள்ளம் ஆழமாக இருந்தால் முதலில் சிமென்ட் கலவையால் நிரப்பி அது காய்ந்த பிறகு பட்டி. பட்டியை மெல்லிசாக இரண்டு கோட் போடுங்கள், ஒரே கோட்டில் கனமாகப் போட்டால் வெடிக்கும்.